பண்பாட்டுத் திறன்: வீடு தேடிப் போகும் நர்ஸுக்கு அது எதற்கு?

‘கல்ச்சுரல் காம்பிடன்ஸ்’, தமிழில் பண்பாட்டுத் திறன். செவிலியர் பாடத்திட்டத்தில் இந்தச் சொல் இருக்கிறது, பயிற்சிச் சான்றிதழில் இருக்கிறது, வேலை விளம்பரத்தில்கூட வந்துவிட்டது. ஆனால் அப்படி என்றால் என்ன என்று மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர் “எல்லா மதத்தையும் மதிக்கணும்” என்பார். இன்னொருவர் “ஒவ்வொரு சமூகத்தோட பழக்கவழக்கத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கணும்” என்பார். மூன்றாமவர் “யார் மனசும் நோகாம பேசணும், அவ்வளவுதான்” என்பார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றையும் கூட்டினாலும் விஷயம் கைக்கு வராது. அதோடு, இரண்டாவது ஆள் சொல்வதை அப்படியே நம்பி வேலைக்குப் போனால் நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம் என்பது என் எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு தையல்காரர்

இருபது வருடம் தைத்துப் பழகிய தையல்காரருக்கு நீங்கள் கடைக்குள் நுழையும்போதே உங்கள் அளவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். இருந்தும் கழுத்தில் தொங்குகிற டேப்பை எடுத்து அளக்கிறார். ஒருவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், இன்னொருவருக்குக் கை நீளம், வேறொருவருக்குச் சட்டை தளர்வாக இருந்தால்தான் பிடிக்கும். இருபது வருட அனுபவம் அவருக்குக் கொடுத்தது எங்கெங்கே அளக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்ற அறிவைத்தான். அளவு டேப்பிலிருந்துதான் வர வேண்டும்.

இதே தொழிலில் இரண்டு விதமாகத் தப்புப் பண்ணலாம். முதல் ஆள் டேப்பையே எடுக்காமல், “உங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் இந்த அளவுதான்” என்று வெட்டிவிடுகிறார். இதற்குப் பெயர் முத்திரை குத்துதல்: ஒரு கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை எதிரில் இருக்கிற ஆள்மீது ஒட்டி, அதற்கு மேல் கேட்காமல் இருப்பது. இரண்டாவது ஆள், “எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்” என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்துக் கொடுக்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது. சட்டைதான் யாருக்கும் சரியாக இல்லை.

இந்த இரண்டாவது தப்பில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம், காரணம் அது நல்ல குணம் போலவே தெரியும். 1989இல் அமெரிக்காவில் டெர்ரி கிராஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட அறிக்கை ஒன்று பண்பாட்டுத் திறனை ஆறு படிகளாக வரைந்தது. அடிப்படியில், பிறர் பண்பாட்டை அழிக்கப் பார்ப்பது. உச்சியில், வேறுபாட்டை மதித்து, தொடர்ந்து கற்றுக்கொண்டே இருப்பது. “நான் யாரிடமும் வித்தியாசமே பார்ப்பதில்லை” என்பதற்கு அந்த ஏணியில் எந்த இடம் தெரியுமா? கீழிருந்து மூன்றாவது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பண்பாட்டுக் குருடு. எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துகிறேன் என்று சொல்கிறபோது அந்த ‘ஒன்று’ யாருடைய அளவு? பெரும்பாலும் சொல்கிறவருடைய அளவு.

அப்படியானால் பண்பாட்டுத் திறன் என்பது, எதிரில் இருப்பவர் உடம்பை, நோயை, மருந்தை, குடும்பத்தை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ப நம் பராமரிப்பை மாற்றி அமைக்கும் திறமை. ‘மாற்றி அமைக்கும்’ என்ற பாதியைத்தான் பல பயிற்சி வகுப்புகளில் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் கேட்டுக்கொண்டு பழைய சீட்டையே நீட்டுவதற்கு இந்தப் பெயர் பொருந்தாது.

மருத்துவமனையைவிட வீட்டில் இது ஏன் முக்கியம்?

சமுதாய சுகாதாரச் செவிலியர் என்றால், ஒரு பகுதியில் வாழும் மக்களின் உடல்நலத்தை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பது, தடுப்பூசி, காசநோய் மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கவனிப்பது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முதியோர், படுக்கையில் இருப்பவர்கள் என்று வேலை நீளும்.

மருத்துவமனையில் நோயாளிதான் விருந்தாளி. அங்கே சீருடை நம்முடையது, கடிகாரம் நம்முடையது, கட்டில்கூட நம்முடையது. எட்டு மணிக்கு மாத்திரை என்றால் எட்டு மணிக்கு மாத்திரை. வீட்டுக்குப் போகும்போது இதெல்லாம் தலைகீழ். விருந்தாளி நர்ஸ்தான். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு என்ன சமைப்பது, யார் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, காய்ச்சல் வந்தால் முதலில் யாரிடம் போவது என்பதை எல்லாம் அந்த வீடு தீர்மானிக்கும். கர்ப்பிணியிடம் மணிக்கணக்கில் விளக்கியிருப்பார்கள், முடிவெடுப்பவர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மாமியாராக இருப்பார். அவரையும் ஒரு நாற்காலி போட்டுப் பேச்சில் சேர்த்துக்கொள்வதா, அல்லது அந்தப் பெண் தனியாகச் சொல்ல விரும்புவது ஏதோ இருக்கிறது என்று கவனித்து, தனியாகப் பேச வழி செய்வதா? எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

நம் மூக்கில் இருக்கும் கண்ணாடி

பண்பாடு என்றாலே அது மற்றவர்களிடம் இருக்கும் ஒன்று, நம்மிடம் இருப்பதெல்லாம் ‘நடைமுறை’ என்று ஒரு நினைப்பு. மூக்குக் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி தெரியாது, அதன் வழியாக மற்றதெல்லாம் தெரியும்.

“மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்.” இதைவிடச் சாதாரணமான அறிவுரை ஏதாவது உண்டா? ஆனால் இந்த நாலு வார்த்தைக்குள் ஒரு முழு வாழ்க்கைமுறை ஒளிந்திருக்கிறது: மனிதர்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை, ஏறக்குறையச் சம இடைவெளியில் சாப்பிடுவார்கள் என்று. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இரண்டு முறைதான் சாப்பிடுகிறார். அவர் இரண்டு மாத்திரை போட்டால் நம் ஏட்டில் ‘ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்’. ‘சாப்பாட்டுக்கு அப்புறம்’ என்று நாம் சொன்னதைத்தான் அவர் வார்த்தை மாறாமல் செய்தார்!

இன்னொன்று, கொஞ்சம் கனமானது. வியட்நாமிலும் தென்கிழக்கு ஆசியாவின் வேறு சில இடங்களிலும் காய்ச்சல், சளி என்றால் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். தோலில் சிவப்பாக நீளநீளக் கோடுகள் விழும், சில நாளில் மறைந்துவிடும். 1975க்குப் பிறகு வியட்நாம் அகதிகள் அமெரிக்காவுக்குப் பெருமளவில் போனபோது, குழந்தையின் முதுகில் இந்தக் கோடுகளைப் பார்த்த மருத்துவப் பணியாளர்கள் பெற்றோர் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டது உண்டு. பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த கைதான் சந்தேகத்துக்கு உள்ளானது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: குழந்தையின் உடம்பில் காயம் தெரிந்தால் கேட்காமல் விடுவது பண்பாட்டு மரியாதை இல்லை, கடமை தவறுவது. கேட்க வேண்டும். ஆனால் “யார் அடிச்சது?” என்று ஆரம்பிக்கும் கேள்வியும் “இது எப்படி வந்துச்சு, சொல்லுங்க” என்று ஆரம்பிக்கும் கேள்வியும் ஒரே இடத்துக்குப் போகாது.

இதுவரை சொன்னது: மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்த பொதுவான தகவல் எங்கே கேட்பது என்று காட்டும், பதிலை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். நமக்கும் ஒரு பண்பாடு இருக்கிறது, மருத்துவமனைக்கும் இருக்கிறது. வீட்டில் கடைசி வார்த்தை வீட்டாருடையது.

சரி, என்ன கேட்பது?

ஆர்தர் கிளெய்ன்மன் மனநல மருத்துவர், மானிடவியலாளரும்கூட. 1970களின் இறுதியில் அவர் முன்வைத்த சில கேள்விகள் இன்றைக்கும் உலகமெங்கும் பயன்படுகின்றன. அதன் பின்னால் இருக்கும் யோசனை எளிது. ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று மருத்துவர் சொல்வது. மற்றது நோயாளி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது: எதனால் வந்தது, ஏன் இப்போது வந்தது, எங்கே போய் முடியும். இந்த இரண்டாவது கதையை நோயாளியின் விளக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்காமல் முதல் கதையை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுத் தன் கதைப்படியே நடந்துகொள்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

கேள்விகள் ஏறக்குறைய இப்படிப் போகும். இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இந்த நேரத்தில் ஆரம்பித்தது? உடம்புக்குள் இது என்ன செய்கிறது? எவ்வளவு மோசம்? எந்த மாதிரி வைத்தியம் சரிப்படும்? அதனால் என்ன ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இதில் உங்களுக்கு எது பெரிய பயம்?

இவற்றில் ஒன்றிரண்டை மட்டும் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவருக்கு ‘அலட்சியம்’ என்று எழுதிவிட்டு வருவது எளிது. உட்கார்ந்து கேட்டால், தலைவலி வரும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது, தலைவலி போனால் நோய் போச்சு என்று அவர் முழுமனதாக நம்புவது தெரியும். வலி இல்லாத நோய் என்பதே அவர் கதையில் இல்லை. பேச வேண்டியது அதைப் பற்றித்தான். மாத்திரையின் அருமை பெருமையைப் பத்தாவது முறையாகச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

கேட்பதோடு சரிபார்ப்பதும் சேர வேண்டும். “புரிஞ்சுதா?” என்ற கேள்விக்கு உலகத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் “ம்” என்றுதான் சொல்வார்கள். சிலருக்குப் பெரியவர்களிடம் புரியவில்லை என்பது அவமரியாதை, சிலருக்கு வெட்கம், சிலருக்கு நர்ஸ் சீக்கிரம் கிளம்பினால் போதும். அதனால் திருப்பிச் சொல்லக் கேட்கும் முறை: “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன், இந்த மருந்தை வீட்டில் மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்பது. தேர்வு நர்ஸுக்குத்தான், நோயாளிக்கு இல்லை.

மொழி: தெரியும் என்று நினைப்பதுதான் ஆபத்து

1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தார். குடும்பத்தார் ஸ்பானிய மொழி பேசும் கியூபர்கள். அவர்கள் சொன்ன சொல் ‘இன்டாக்சிகாடோ’. சாப்பிட்டதோ குடித்ததோ ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொன்னதன் பொருள். ஆங்கிலத்தில் இதே சாயலில் இருக்கும் சொல்லுக்குப் போதை என்று பொருள். போதைமருந்தை அதிகமாக எடுத்துக்கொண்டார் என்று முடிவு செய்து அதற்கு வைத்தியம் நடந்தது. உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக் கசிவு. அது தெரியவருவதற்குள் இரண்டு நாளுக்கு மேல் போய்விட்டது, அவர் கைகால் செயலிழந்து போனார்.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது, மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை என்பதைவிட, கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான். இரண்டு பக்கமும் புரிந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

வீட்டுக்குப் போகிற நர்ஸுக்குக் கைக்கெட்டிய மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைதான், பள்ளிக்குப் போய் இரண்டு மொழியும் பழகிய பத்து வயதுப் பிள்ளை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க அது போதும். அம்மாவின் மாதவிடாய், அப்பாவின் குடி, தாத்தாவுக்குப் புற்றுநோய் என்ற செய்தி, இதையெல்லாம் அந்தப் பிள்ளையின் வாய் வழியாகக் கடத்தக் கூடாது. பிள்ளை தவறாகச் சொல்லும், பாதியை விழுங்கும், மிச்சத்தைச் சுமக்கும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர், நேரில் முடியாவிட்டால் தொலைபேசியில், என்பதுதான் சரியான வழி. அப்படி ஒருவர் இருக்கும்போதும் பேச்சு நோயாளியின் முகத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

கேட்டாச்சு, அடுத்து என்ன? மூன்று வழிகள்

“அப்படியானால் அவங்க எது சொன்னாலும் சரின்னு விட்டுடணுமா?” இந்தக் கேள்வி எப்போதும் வரும், வர வேண்டியதுதான். அதற்கு நல்ல பதில் சொன்னவர் மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்க நர்ஸ். 1950களில் சின்சினாட்டியில் குழந்தைகளுக்கான மனநல மையத்தில் வேலை பார்த்தபோது, வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே பராமரிப்புக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் கவனித்தார். தான் படித்த செவிலியத்தில் இதற்கு விளக்கம் இல்லை என்று மானிடவியல் படிக்கப் போய், பாப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் கட்சப் மக்களோடு தங்கி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். பண்பாடுகளைக் கடந்த செவிலியம் என்று ஒரு துறையே அவரால் உருவானது. வீட்டில் ஒரு பழக்கத்தைப் பார்த்தால் நர்ஸ் மூன்றில் ஒன்றைச் செய்யலாம் என்றார் அவர்: அப்படியே காப்பது, பேசி இசைவுக்கு வருவது, மாற்ற உதவுவது.

காப்பது எளிது. பிரசவித்த பெண்ணுக்கு நாற்பது நாள் ஓய்வு கொடுத்து, வேலை வாங்காமல், சுற்றி நாலு பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அதில் கைவைக்க ஒன்றும் இல்லை. நல்லதைச் செய்கிறீர்கள் என்று வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். வருகிற நர்ஸ் எல்லாம் குறை மட்டுமே சொல்லி அலுத்துப்போன வீடுகள் நிறைய.

நடுவில் இருப்பதில்தான் நர்ஸின் திறமை தெரியும். கண்ணேறு படாமல் இருக்கக் கைக்குழந்தையின் கழுத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள். நம்பிக்கையால் தொல்லை இல்லை, கழுத்தில் கயிறு இறுகும் என்பதுதான் தொல்லை. குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டாத வேறொரு இடத்தில் கட்டலாமா என்று கேட்டால் பெரும்பாலான பாட்டிகளுக்கு மறுப்பு இருக்காது. ரமலான் நோன்பு இன்னொரு உதாரணம். சர்க்கரை நோயாளியிடம் “நோன்பு வைக்கக் கூடாது” என்று ஒரே போடாகப் போட்டால், அவர் சரி என்று சொல்லிவிட்டு நம்மிடம் சொல்லாமல் வைப்பார், பழைய அளவிலேயே மருந்தும் எடுப்பார். சர்க்கரை சடாரென்று இறங்குவது அப்போதுதான். அதைவிட, நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்க்க வைத்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்து, வைக்கக்கூடியவர்களுக்கு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி, பகலில் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லி, டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது நல்லது. நோயுற்றவர்களுக்கு அந்த மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது. அதை நர்ஸ் சொல்வதைவிட அவர் மதிக்கும் சமயப் பெரியவர் சொன்னால் எடுபடும். விரலில் ஊசி குத்திச் சோதித்தால் நோன்பு முறியுமா என்ற சந்தேகத்துக்கும் அவரே பதில் சொல்லட்டும்.

மூன்றாவது, மாற்றியே ஆக வேண்டியவை. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமோ மண்ணோ வைப்பது ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) வழி. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் அரிதாக என்றாலும் உயிருக்கே ஆபத்தான நச்சு நோய் வரலாம். ஈயம் கலந்த கண்மை குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இங்கே வளைந்துகொடுக்க இடமில்லை. ஆனால் இங்கேயும், அந்தப் பழக்கம் எதற்காக என்று கேட்டுவிட்டுத்தான் மாற்று சொல்ல வேண்டும். தேன் தொட்டு வைப்பது பிள்ளைக்கு நல்வாழ்த்து சொல்கிற சடங்கு என்றால், அந்த வாழ்த்துக்கு வேறு வடிவம் கிடைக்காமல் தேன் நிற்காது.

சுருக்கமாக: தீங்கு இல்லாததை விடு, சற்று நகர்த்தினால் தீங்கு போகும் என்றால் நகர்த்து, தீங்கானதை மாற்று. மூன்றிலும் கேள்விதான் முதலில்.

ஊர் முழுக்க என்றால்?

2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோது, இறந்தவர் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்புவது தொற்றுக்குப் பெரிய காரணமாக இருந்தது. முதலில் அதிகாரிகள் செய்தது தடை. முகம் மறைத்த உடை போட்டவர்கள் வருவார்கள், உடலைப் பையில் போட்டு எடுத்துப் போவார்கள். விளைவு, மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், இரவோடு இரவாகப் புதைத்தார்கள். மானிடவியலாளர்களும் சமயத் தலைவர்களும் சேர்ந்து பேசிய பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ‘பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்’ என்று புதிய வழிமுறையை வெளியிட்டது. உடலைத் தொடுவது கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. ஆனால் குடும்பத்தார் பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், முஸ்லிம் என்றால் வெள்ளைத் துணியில் போர்த்தலாம், கல்லறைக்கு அடையாளம் வைக்கலாம். லைனிங்கர் சொன்ன நடுவழிதான், மூன்று நாடுகளின் அளவில்.

எங்கே தவறிப்போகும்

‘திறன்’ என்ற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. நீச்சல்போல ஒருமுறை கற்றால் போதும் என்று தோன்றவைக்கும். 1998இல் மெலனி டெர்வலோன், ஜான் மரே கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதைச் சுட்டிக்காட்டி ‘பண்பாட்டுப் பணிவு’ என்றார்கள்: எனக்கு இன்னும் தெரியாது என்ற நினைப்போடு, வாழ்நாள் முழுக்கத் தன்னையே சோதித்துக்கொள்வது. நியூசிலாந்தில் அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்து நர்ஸ் இரிஹபெட்டி ராம்ஸ்டன் இன்னும் ஒரு படி போய், ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்ற கருத்தை வளர்த்தார். நர்ஸ் நன்றாக நடந்துகொண்டாரா என்று மதிப்பெண் போட வேண்டியவர் நர்ஸ் இல்லை, பராமரிப்பைப் பெற்றவர் என்பது அதன் சாரம். 1992இல் அந்த நாட்டுச் செவிலியர் கவுன்சில் அதைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்கியது. மூன்று சொல்லுக்கும் நடுவே எது சரி என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். வாசலில் நிற்கும் நர்ஸுக்கு மூன்றும் தேவை.

இன்னொரு தவறு எனக்குக் கோபமே வரவைக்கும்: வறுமையைப் பண்பாடு என்று பெயர் மாற்றுவது. “இவங்களுக்கு ஆஸ்பத்திரி வர்ற பழக்கமே இல்லை.” பழக்கம் இல்லையா, அல்லது மருத்துவமனை திறந்திருக்கும் நேரம் முழுவதும் அவர்கள் கூலி வேலையில் இருக்கிறார்களா? ஒரு நாள் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும் என்றால் அது நம்பிக்கை சார்ந்த விஷயம் இல்லை, கணக்கு. அதற்கு மருந்து மாலை நேர கிளினிக்.

கடைசியாக, ஏடு. வீட்டுக்குப் போய்வந்த குறிப்பில் “தடுப்பூசி மறுத்தார். ஒத்துழைப்பு இல்லை” என்று எழுதினால், அடுத்த மாதம் போகிற நர்ஸ் சண்டைக்குத் தயாராகப் போவார். அதையே இப்படி எழுதலாம்: “மூத்த பிள்ளைக்குத் தடுப்பூசிக்குப் பிறகு இரண்டு நாள் கடும் காய்ச்சல், அந்தப் பயத்தால் தாய் தயங்குகிறார். பாட்டிக்கு எதிர்ப்பில்லை. காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தால் போடலாம் என்கிறார். தொலைபேசி எண் கொடுத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை மாலை தந்தையும் வீட்டில் இருப்பார்.”